விஜி இருக்கா

கிருஷ்ணகுமாரைத் தோட்டத்தில் யாரும் கிருஷ்ணகுமார் என்று கூப்பிடுவதில்லை. கரண்டுக்காரன் என்பார்கள். உரிமை கூடியவர்கள் அதையும் சுருக்கி, "கரண்டு எங்க போவுது?" என்று கேட்பார்கள். ருவான்வெல்லை பஸ் மலையேறி வந்து கடைசியாகத் திரும்புகிற இடத்தில் அந்தத் தோட்டத்து றப்பர் ஸ்டோர் இருக்கிறது. ஸ்டோர் என்றால் கடையில்லை. மரத்தில் வெட்டி எடுத்த பால் ஷீட்டாகிற இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். அங்கே ஓடுகிற மோட்டார், எரிகிற பல்ப், நாள் தவறாமல் போகிற ஃபியூஸ் எல்லாம் அவன் தலையில். வயது நாற்பத்திரண்டு. பழுதான சாமான் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைப் பிரித்துப் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. பிரித்ததையெல்லாம் திரும்பப் பூட்டினானா என்று அவன் பெண்டாட்டியைக் கேட்டால் அவள் வேறு கதை சொல்லியிருப்பாள்.

இப்போது அவளைக் கேட்க முடியாது. அவளைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்லவும் முடியாது.

அவள் பெயர் விஜயகலா. அவர்களைச் சேர்த்து வைத்தது பெரட்டு. காலையில் ஆட்களை நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரித்து அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். கூப்பிடும்போது குரல் கொடுத்தால் அன்றைக்கு உங்களுக்குப் பேர் உண்டு. குரல் இல்லையென்றால் பேர் இல்லை, அன்றையச் சம்பளமும் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாலும் திரும்பி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதனால் நம் சனம் ஒரு வழி வைத்திருந்தது. பிந்துகிறவளுக்காகப் பக்கத்தில் நிற்பவள் "இருக்கா" என்று சொல்லிவிடுவாள். கணக்கப்பிள்ளை பழனியாண்டி குனிந்த தலை நிமிராமல் பெயர் வாசிக்கிற மனுஷர். எத்தனையோ பேர் லயத்து வரிசை வீடுகளில் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்திலேயே பெரட்டிலும் இருந்திருக்கிறார்கள்.

இருபது வருஷத்துக்கு முந்தி விஜயகலா தினமும் பிந்துவாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைக் கழுவித் துடைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டு வரவேண்டும். அவளுக்குக் குரல் கொடுக்கிற சிநேகிதி ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். "விஜயகலா" என்று கூப்பிட்டார் பழனியாண்டி. சத்தமில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்போது மலையில் புல்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கிருஷ்ணகுமார், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், ஆம்பிளை வரிசையிலிருந்து "இருக்கா" என்றான்.

பழனியாண்டி அன்றுதான் தலையை நிமிர்த்தினார். "விஜயகலாவுக்கு மீச மொளச்சிருச்சா?"

பெரட்டுக் களமே சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில் அவள் ஓடிவந்து நின்றாள். பழனியாண்டியும் மனுஷர்தானே, பேரைப் போட்டுவிட்டார். சாயங்காலம் ஸ்டோர் ரோட்டில் அவள் அவனை மறித்தாள்.

"ஏன் எனக்கு பேரு குடுத்தீங்க?"

"இல்லாட்டி பேரு போயிருமே."

"போனா எனக்குத்தானே போவுது?"

அவன் சிரித்து வைத்தான். அடுத்த தை மாசம் கல்யாணம்.

அதற்குப் பிறகு அவர்கள் வாழ்க்கையில் சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை, அதாவது நன்றாக இருந்தார்கள். துஷ்யந்தி பிறந்தாள், ருவான்வெல்லையில் பள்ளிக்கூடம் போனாள், பதினைந்து வயதானாள். கிருஷ்ணகுமார் ஸ்டோருக்கு மாறினான். விஜி எட்டாம் நம்பர் மலையில் பால் வெட்டினாள். அங்கே முந்நூறு மரம் அவள் பொறுப்பு. எந்த மரம் முகம் காட்டும், எது முரண்டு பிடிக்கும் என்று பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வாள். பால் வெட்டு தனி ஆள் வேலை. கொழுந்து எடுக்கிறவர்களைப்போல் வரிசையாக நின்று ஊர்க்கதை பேச முடியாது. விடிந்ததும் கத்தியும் வாளியுமாக ஒருத்தி ஒரு மலைக்குள் போனால், உச்சி நேரத்தில் பால் நிறுக்கிற இடத்துக்கு வரும்வரை அவளை யாரும் பார்க்க மாட்டார்கள். பக்கத்து ஏழாம் நம்பரில் வெட்டுகிற தங்கம்மா அவ்வப்போது "கூ" என்று ஒரு குரல் விடுவார். இவள் இங்கிருந்து "கூ" என்பாள். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் குழாயடியில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், படம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. ஒரேயொரு நல்ல காரியம், வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவளுக்குத் தெரியும். ஷீட் கரிந்ததுபோல் ஒரு வாசம் வரும் என்பாள். வாசம் வந்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

தோட்டத்தில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கட் கொடுக்கிறவர் இல்லை, மலை வேலையை நடத்துகிறவர். அவர் விஜியைப் பால் வெட்டிலிருந்து நிறுத்தி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பராவில் கூட்டிப் பெருக்க விட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஒரு மாசத்தில் அவள் பாதியாகிவிட்டாள்.

"கூட்டிக்கிட்டு உக்காந்தா மட்டும் எனக்கு வலிப்பு வராதாமா?" என்று கேட்டாள். "எம் மலையில இன்னொருத்தி வெட்டுறா. பட்டையெல்லாம் காயம் பண்ணி வச்சிருக்கா. எனக்கு சோறு எறங்கல."

"தனியா விட மாட்டேன்னு ஐயா சொல்றாரே விஜி."

"அப்ப தனியா இல்லாம ஒரு வழி பண்ணுங்க. ஊர்ல இருக்கிற மிசினெல்லாம் பிரிச்சு பாக்குறீங்கல்ல?"

எட்டாம் நம்பர் மலை ஒரு மடிப்புக்குள் கிடக்கிறது. ஃபோனில் சிக்னல் ஒரு கோடுகூட ஏறாது. ஆனால் ஃபோன் இல்லாமலும் ரேடியோ பேசுமே என்று அவனுக்கு ஓடியது. சிக்னல் கிடைக்கிற ரோட்டு வளைவில் நின்றுகொண்டு ஃபோனில் சிங்கள வீடியோக்களைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ருவான்வெல்லைக் கடைத்தெருவில் ஹில்மியின் கடையில் போய் நின்றான். ஹில்மி மாவனல்லைக்காரர், கிருஷ்ணகுமார் அவரை அண்ணன் முறையில் நானா என்பான். ரேடியோவும் டீவியும் திருத்தித் திருத்தி, இப்போது அவற்றின் உள்ளுறுப்புகளையே விற்கிறவர்.

முதலில் வாங்கிப்போன ரேடியோ மொடியூல் சோடி மலையின் முதல் திருப்பத்திலேயே வாயை மூடிக்கொண்டது. ஹில்மி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறொன்றை எடுத்து வைத்தார்.

"அது கோலிங் பெல்லுக்கு சரி தம்பி, மலைக்கு காணாது. இது ஆறுதலாத்தான் பேசும். ஆனா தூரம் போகும்."

ஆறுதலாக, அதாவது மெதுவாகப் பேசுகிற அந்தச் சாமான்தான் கடைசியில் வேலை செய்தது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நெருப்புப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அது மூளை. அதோடு பற்றவைத்த ரேடியோ மொடியூல், அது வாய். மூளை சொல்லச் சொன்னதை வாய் வயர் இல்லாமல் காற்றில் எறியும். ஸ்டோர் சுவரில் இன்னொரு மூளையும் ஒரு காதும். அந்த மூளைக்கு நாம் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் தெரியாது. வெட்டு மரம் எது, மனுஷி எது என்று அதற்குத் தெரியாது. கிருஷ்ணகுமார் எல்லாவற்றையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, தண்ணீர் புகாமல் விளிம்பெல்லாம் பசை பூசி, இடுப்புப் பட்டியில் கோர்த்தான்.

மாசி மாசம் றப்பர் இலை கொட்டி மலை மொட்டையாக இருந்தபோது சோதித்துப் பார்த்தான். பேச்சு தெளிவாக வந்தது. வெற்றி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். சித்திரையில் புது இலை தழைத்ததும் பேச்சு பாதி வழியில் அமுங்கிப்போனது. ஈர இலை அவ்வளவையும் துளைத்துக்கொண்டு வரவேண்டுமே. மனுஷன் விடவில்லை. பதினேழு சென்டிமீட்டர் கம்பி ஏரியலை ஸ்டோர் கூரைக்கு மேலே மூங்கிலில் கட்டி உயர்த்தினான். திரும்பவும் கேட்டது.

அவன் முதலில் எழுதிய முறை இது. கால் மணிக்கு ஒருதரம் இடுப்புப் பெட்டி "பீப்" என்று கேட்கும். விஜி பட்டனை அழுத்தவேண்டும். அழுத்தினால் ஸ்டோர் சுவரில் பச்சை லைட். அழுத்தாவிட்டால் சிவப்பு எரிந்து மணி அடிக்கும். கரிந்த வாசம் வந்தால் பட்டனை விடாமல் அழுத்தவேண்டும், உடனே மணி அடிக்கும். கண்டக்டர் ஐயா வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், ஒரு மாசம் பார்ப்போம் என்றார். விஜி தன் மலைக்குத் திரும்பிப் போனாள். போன முதல் நாள் அவள் முகத்தைக் கிருஷ்ணகுமார் கடைசிவரை மறக்கமாட்டான்.

வைகாசியில் மணி அடித்தது. ஸ்டோர் ஆட்கள் இரண்டு பேரோடு ஓடினான். அவள் மரத்தடியில் உட்கார்ந்து, கத்தியைத் தள்ளி வைத்து, பட்டனில் விரலை வைத்தபடி அவனைப் பார்த்து, "வாசம் வந்துச்சு" என்றாள். உடனே வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டான். பெட்டி அவளைக் காப்பாற்றியது. அது உண்மை. அன்றையிலிருந்து கண்டக்டர் ஐயாவும் வாயைத் திறக்கவில்லை.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பால் வெட்டுகிறவளுக்குக் கை இரண்டும் பசை. ஒரு கையில் கத்தி. பட்டையில் ஒரு இழை ஆழமாகப் போனாலும் மரம் கெட்டுவிடும், கண்ணை எடுக்க முடியாது. அந்த நேரம் பார்த்துப் பெட்டி "பீப்" என்னும். இந்த மரத்தை முடித்துவிட்டு அழுத்தலாம் என்று நினைப்பாள், அடுத்த மரத்துக்குப் போனதும் மறந்துவிடுவாள். ஸ்டோரில் சிவப்பு எரியும். கிருஷ்ணகுமார் போட்டதைப் போட்டபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவான். மேலே போய்ப் பார்த்தால் அவள் குத்துக்கல்லாட்டம் நிற்பாள். ஆனி மாசம் மட்டும் பதினொரு தரம் ஓடினான். ஸ்டோரில் மோட்டார் நின்று பால் உறைந்து, ஏச்சும் வாங்கினான். "கரண்டு ஓடுது, கரண்டு ஓடுது" என்று ரோட்டோரம் நின்று சிரிக்க ஆளும் சேர்ந்தது. மற்றவன் ஓடினால் சிரிக்கிறதற்கு நம் சனத்துக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்.

ஒரு சாயங்காலம் அவனுடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே விஜி சொன்னாள். "நான் மறக்குறேன், நீங்க ஓடுறீங்க. சும்மா சும்மா ஓட வைக்கிறேன். எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு வெக்கமா இருக்குங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"அந்த பெட்டியே சொல்லாதா? நான் இருக்கேன்னு நானா சொல்லணும்? ஏதாவதுன்னாத்தான் நான் அமுக்குறேனே."

இரண்டு நாள் யோசித்தான். சாய்ந்தால் காட்டிக்கொடுக்கிற ஒரு சின்ன சாமானை வைத்துப் பார்த்தான். அவள் தாழ்வெட்டு மரங்களுக்குக் குனியும்போதெல்லாம் அது விழுந்துவிட்டாள் என்று கூப்பாடு போட்டது. கழற்றி எறிந்தான். மூன்றாம் நாள் மூளைக்குள் இருந்த எழுத்தில் ஒரு வரியை எடுத்துவிட்டான். பட்டனுக்காகக் காத்திரு என்கிற வரி. இனிப் பெட்டி கேட்காது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தானாகவே சொல்லும். வெறும் பச்சை லைட் போதாது என்று ஸ்டோர் சுவரில் ஒரு சின்ன ஸ்கிரீனும் பூட்டி, பெட்டி பேசும்போது அதில் இங்கிலீஷ் எழுத்தில் "விஜி இருக்கா" என்று வரும்படி எழுதினான். பெரட்டை நினைத்துத்தான் எழுதினான். அவளுக்குக் காட்டியபோது, "அப்பவும் நீங்கதான் எனக்கு பேரு குடுத்தீங்க" என்று சிரித்தாள்.

ஸ்கிரீனில் ஒரு கோடு விழுந்ததென்று ருவான்வெல்லைக்குக் கொண்டுபோனபோது ஹில்மி வாசித்துப் பார்த்தார்.

"'விஜி இருக்கா'ன்டு ஈக்குது. கேக்குறீங்களா தம்பி, சொல்றீங்களா?"

"சொல்றேன் நானா."

"அப்ப சரி. கேக்குறதுன்டா ஒரு கேள்விக்குறி போடுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹில்மி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எத்தனை தரம் நினைத்து நொந்துகொண்டாரோ தெரியாது. கிருஷ்ணகுமார் ஒவ்வொரு நாளும் நினைக்கிறான்.

நாலு மாசம் பச்சை எரிந்தது. ஓட்டமும் இல்லை, சிரிப்பும் இல்லை. டீ குடிக்கும்போது ஸ்கிரீனைப் பார்ப்பான். ரோலர் துடைக்கும்போது பார்ப்பான். விஜி இருக்கா, விஜி இருக்கா. பெட்டி இருக்கிற தைரியத்தில் ஏழாம் நம்பரிலிருந்து தங்கம்மாவும் "கூ" விடுவதை விட்டுவிட்டார்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை. விடிய வானம் வெளுத்து, பட்டையும் காய்ந்துவிட்டது, அதனால் வெட்டு இருந்தது. துஷ்யந்திக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு விஜி கிளம்பினாள். "இன்னைக்கு சுருக்கா வந்துர்றேன். நீங்க அந்த அயன் பெட்டிய பூட்டி வைங்க, ஒரு கெழமையா பிரிச்சே கெடக்கு" என்றாள். அவள் கடைசியாகச் சொன்னது அயன் பெட்டியைப் பற்றி.

ஒன்பது மணிக்குப் பச்சை. பத்து மணிக்குப் பச்சை. பதினொன்றுக்கும் பச்சை. பதினொன்றரைக்குத் தங்கம்மா முந்தானை இழுபட ஸ்டோருக்குள் வந்தார்.

"தம்பி, விஜி பால் நிறுக்க வரல."

கிருஷ்ணகுமார் முதலில் செய்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவன் ஓடவில்லை. திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தான். தங்கம்மாவுக்கும் காட்டினான்.

"இருக்கா அக்கா. பாருங்க, இப்பதான் சொல்லுச்சு."

தங்கம்மா ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். "நான் கூ விட்டு பாத்தேன் தம்பி" என்றார். "சத்தம் இல்ல."

அப்போதுதான் ஓடினான்.

மரங்களே விஷயத்தைச் சொல்லின. முதல் நாற்பது மரத்தில் புதுவெட்டு இருந்தது. சிரட்டைகளில் பால் வடிந்து நின்று ஏடு பிடித்திருந்தது. நாற்பத்தொன்றாவது மரத்திலிருந்து கத்தி படவில்லை. நாற்பது மரம் என்றால் ஏழு மணி தாண்டி ஏதோ கொஞ்ச நேரம். மரத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற கான். கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அவள் அதில் குப்புற விழுந்திருந்தாள்.

அவன் அவளைத் தூக்கித் திருப்பியபோது இடுப்புப் பெட்டி நனையாமல் இருந்தது. அவ்வளவு நன்றாகப் பசை பூசியிருந்தான். அவன் மடியில் அவளைக் கிடத்திக்கொண்டிருக்கும்போதே பெட்டியில் இருந்த சின்ன லைட் ஒருதரம் மினுங்கியது. கீழே ஸ்டோரில் ஆளில்லாத சுவரில் அந்த நேரம் என்ன எழுத்து வந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நாலு மணி நேரம் அவள் செத்துக் கிடந்தாள், நாலு மணி நேரமும் பெட்டி அவளுக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தது. அவன்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

சாவு வீட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாத சனம் ஒன்று எங்கேயும் உண்டு. மிசினை நம்பி மனுஷியை விட்டான் என்று ஒருவர் சொன்னார். சைனா சாமான் அப்படித்தான் என்றார் இன்னொருவர். கிருஷ்ணகுமார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, பெட்டியை மேசைமேல் வைத்துப் பிரித்தான். பட்டனை அழுத்தினான், வேலை செய்தது. நூறு தரம் அழுத்தினான், நூறு தரமும் வேலை செய்தது. அவள் அழுத்தவில்லை. அன்றைக்கு வாசமே வராமல் வலிப்பு வந்திருக்கிறது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஏதாவது ஒரு வயர் விட்டுப்போயிருந்தால் அவனால் கொஞ்சமாவது அழ முடிந்திருக்கும்.

துஷ்யந்தி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி பொய் சொல்லிச்சாப்பா?"

"இல்லம்மா. பெட்டி தன்னைத்தான் இருக்குன்னு சொல்லிச்சு. நான் அதுக்கு அம்மா பேர வச்சிட்டேன்."

மகள் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரியைக் கழற்றினாள். அவனுக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை.

அந்த மாசக் கடைசியில் பெரட்டில் ஒரு காரியம் நடந்தது. அவள் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்து வெட்டுப்படவில்லை. பழனியாண்டி வழக்கம்போலக் குனிந்த தலையோடு வாசித்துக்கொண்டே வந்து, "விஜயகலா" என்று கூப்பிட்டுவிட்டார். ஒரு சத்தமில்லை. பழக்கத்தில் இன்னொரு தரமும் கூப்பிட்டார். எழுபது பேர் நின்ற களத்தில் யாரும் குரல் கொடுக்கவில்லை. பழனியாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு ஆட்கள் தாங்களே பிரிந்து வேலைக்குப் போனார்கள். இதைத் தங்கம்மாதான் கிருஷ்ணகுமாரிடம் வந்து சொன்னார். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னார். அன்று அவன் அழுதான்.

அவன் ஸ்டோர் சுவரிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டான். கூரைமேல் மூங்கில் மட்டும் நின்றது. மாசியில் இலை கொட்டியது, சித்திரையில் தழைத்தது. அந்தச் சித்திரையில் தங்கம்மா மலையில் மயங்கி விழுந்தார். சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேரே அவனைத் தேடி வந்தார்.

"எனக்கும் ஒரு பெட்டி செஞ்சு குடு தம்பி."

"என்னை விட்டுருங்க அக்கா. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

"அன்னைக்கு நான் பக்கத்து மலையிலதான் இருந்தேன்" என்றார் தங்கம்மா. "எந்நாளும் கூ விடுவேன். பெட்டி இருக்கு, அவன் பாத்துக்குவான்னு விட்டுட்டேன். ஏழு மணிக்கு ஒரு கூ விட்டிருந்தா அவ இருந்திருப்பா. எனக்கு இது யார்கிட்ட சொல்லன்னு தெரியல. உனக்கு மட்டுந்தான் வெளங்கும்."

அந்தப் பாரத்தைத் தான் ஒருவனே சுமக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தான்.

"செய்றேன்" என்றான். "ஆனா அது கேக்கும் அக்கா. கால் மணிக்கு ஒருக்கா கேக்கும். நீங்க ஒங்க கையாலதான் அமுக்கணும். அது ஒங்களுக்காக பேரு குடுக்காது."

பழைய பெட்டியைத் தொடவில்லை. ஹில்மியிடம் புதிதாக வாங்கிவந்தான். எடுத்துவிட்ட அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதினான். இந்தப் பெட்டியில் ஒரு சின்ன ஸ்கிரீனும் உண்டு. "பீப்" என்று கேட்கும்போது அதில் "இருக்கீங்களா" என்று வரும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

மூன்றாம் நாளே ஸ்டோரில் சிவப்பு எரிந்தது. கிருஷ்ணகுமார் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடினான். லயத்தைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, எட்டாம் நம்பர் திரும்புகிற இடத்தையும் பார்க்காமல் தாண்டி ஓடினான். ரோட்டோரம் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் தங்கம்மா ஒரு மரத்தோடு ஒட்டி நின்று நிதானமாக வெட்டிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் பதறிப்போய்க் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஐயோ தம்பி, கையெல்லாம் பாலு. இந்த மரத்த முடிச்சிட்டு அமுக்கலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"மறந்தா மறங்க அக்கா. நான் ஓடி வர்றேன்."

"இந்த வயசுல உன்ன சும்மா சும்மா ஓட வைக்கிறேனே."

"விஜியும் இதத்தான் சொன்னா" என்றான் கிருஷ்ணகுமார். "அவ பேச்ச நான் கேட்டிருக்கக் கூடாது."